மாங்கனீசின் ஐந்து அம்புகள்

அந்த வருஷம் காரைக்கால் கல்லூரியில் வேதியியல் வகுப்புக்கும் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. புதுக் கட்டடம் பாதியில் நின்றுபோனதால் ஒரு பெரிய கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

இந்தப் பக்கம் பாடம் நடத்தியவள் நீலாயதாட்சி. கிளிஞ்சல்மேட்டுக்காரி. அலை இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குடும்பம் என்பதால் அவளுக்குக் குரல் கொஞ்சம் பெரிது. 1980 ஆகஸ்டில் ஒரு காலை, முதலாண்டு மாணவர்களுக்கு நைட்ரஜன் அணுவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் மூன்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மேல்நோக்கி ஓர் அம்பு. கட்டம் என்பது எலக்ட்ரான் தங்குகிற இடம். அம்பு எலக்ட்ரான். அம்பின் தலை, அது எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்பதற்கு அடையாளம்.

"திருநள்ளாறு பஸ்ஸுல ஏறுறோம். சீட்டெல்லாம் காலியா கெடக்கு. அப்ப யாராவது முன்பின் தெரியாத ஆளு பக்கத்துல போய் ஒட்டி உட்காருவோமா? ஆளுக்கொரு சீட்டு புடிப்போம். சீட்டு தீர்ந்த பிறகுதான் ரெண்டு ரெண்டு பேரா உட்காருவோம். எலக்ட்ரானும் அப்படித்தான். இதுக்குப் பேரு ஹுண்ட் விதி. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தது நன்றாகக் கேட்டது.

சிரித்தவள் யாரென்று நீலாயதாட்சிக்குத் தெரியும். அந்த வருஷம் இயற்பியலுக்குப் புதிதாக வந்த நபீசா. பெரிய பள்ளிவாசல் பக்கத்து வீடு. சென்னையில் எம்.எஸ்ஸி. முடித்தவள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எதைக் கேட்டாலும் "ஏன்?" என்று திருப்பிக் கேட்பவள். இடைவேளையில் ஆசிரியர் அறையில் டீ தம்ளரோடு அவளே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க நீலா டீச்சர். உங்க பஸ் நல்ல பஸ்தான். எலக்ட்ரான் ஒண்ண ஒண்ணு தள்ளுற சாமான், அதனால ஆளுக்கொரு சீட்டு. புரியுது. ஆனா தனித்தனியா உட்கார்ந்த பிறகு எல்லாரும் ஏன் ஒரே பக்கம் தலையை வெச்சுக்கணும்? ஒருத்தர் மட்டும் தலைகீழா உட்கார்ந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

நீலாயதாட்சிக்கு முகம் சுட்டது. "அதுதாங்க விதி."

மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த வேதியியல் துறைத்தலைவர் கோவிந்தராசு தலையை நிமிர்த்தினார். "விதின்னு சொல்லியாச்சில்ல, அதுக்கு மேல என்ன கேள்வி? திருநள்ளாறு போய் ஒரு எள்ளு விளக்கு போட்டுட்டு வாங்க ரெண்டு பேரும்."

அறை முழுக்கச் சிரித்தது. நபீசாவும் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

"சரி, அது போகட்டும். மூணு அம்பு, அஞ்சு அம்புன்னு எல்லாத்தையும் மேல பார்த்தே போடுறீங்களே, அப்படித்தான் நிக்குதுன்னு யாரு பார்த்தது?"

நீலாயதாட்சி தம்ளரை மேஜையில் கொஞ்சம் பலமாகவே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் நபீசா இல்லை. கிளிஞ்சல்மேட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் அவள். அம்மா அஞ்சுகம் கூடையில் மீன் சுமந்து விற்றாள், அண்ணன் தர்மராஜ் படிப்பை நிறுத்திவிட்டுப் படகேறினான், இவள் படித்தாள். எப்படிப் படித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். புத்தகத்தில் இருந்ததை வரி பிசகாமல் மனப்பாடம் செய்தாள். வகுப்பில் ஒரு நாள்கூடக் கை தூக்கிக் கேள்வி கேட்டதில்லை. கேட்டால், இது கூடவா தெரியாது என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று பயம். முதல் வகுப்பில் தேறி, வேலைக்கும் வந்து, நாலு வருஷமாக அதே அம்புகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்புகளை நிஜமாகவே யாராவது பார்த்தார்களா என்று கேட்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. இந்த ஒல்லிக் கண்ணாடிக்காரிக்குத் தோன்றியிருக்கிறது. அதுதான் எரிந்தது.

அந்த வாரம் முழுக்க நூலகத்திலேயே கிடந்தாள். முதல் கேள்விக்கு எல்லாப் புத்தகமும் ஒரே பதிலைச் சொன்னது. ஒரே பக்கம் சுழலும் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கவே முடியாது. அது இயற்கையின் தடை. ஒன்றைச் சுற்றி மற்றது நுழைய முடியாத ஒரு காலியிடம் இருக்கும். அதனால் அவற்றுக்குள் தள்ளல் குறைகிறது. தள்ளல் குறைந்தால் ஆற்றல் குறைகிறது. ஆற்றல் குறைந்த ஏற்பாட்டைத்தான் அணு விரும்பும். கச்சிதமாக இருந்தது.

இரண்டாவது கேள்விக்கும் வழி இருந்தது. சுழலும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். மேலும் கீழுமாக ஜோடி சேர்ந்தால் இரண்டின் காந்தமும் அடிபட்டுப் போகும். ஜோடி சேராமல் நின்றால் அந்தப் பொருளைப் பெரிய காந்தம் தன்பக்கம் இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்று தராசில் நிறுத்துப் பார்த்தால், எத்தனை எலக்ட்ரான் தனியாக நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

அடுத்த திங்கட்கிழமை அவளே தடுப்பைத் தட்டினாள்.

"நபீசா டீச்சர், யாரு பார்த்தான்னு கேட்டீங்கல்ல? நாமளே பார்க்கலாங்க. எங்ககிட்ட தராசு இருக்கு. உங்ககிட்ட மின்காந்தம் இருக்குல்ல?"

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு தடுப்பின் ஓரமாக ஒரு கண்ணாடி எட்டிப் பார்த்தது.

"இருக்கு. காயில் கம்பி எரிஞ்சு போய்க் கெடக்கு." நபீசா உதட்டைக் கடித்துக்கொண்டாள். உடனே முகம் மலர்ந்தது. "காந்தம்தானே வேணும்? சாயங்காலம் என்கூட வாங்க."

நபீசாவின் மாமா அல்லா பிச்சை கடைத்தெருவில் மைக் செட் வைத்திருந்தார். மாங்கனித் திருவிழாவிலிருந்து கந்தூரி வரைக்கும் ஊரில் எது நடந்தாலும் அவருடைய குழாய்தான் பேசும். கடைக்குள்ளே பின்பக்கம் ஒரு பழைய பெட்ரோல் ஜெனரேட்டர் துருப்பிடித்துக் கிடந்தது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் அதன் மேக்னெட்டோவுக்குள்ளே குதிரை லாடம் போல வளைந்த காந்தங்கள் இருந்தன.

"எதுக்கு புள்ளெ இது?" என்றார் அல்லா பிச்சை.

"எலக்ட்ரான் தலையை எந்தப் பக்கம் வெச்சிருக்குன்னு பார்க்கணும் மாமா."

அவர் நீலாயதாட்சியைப் பார்த்தார். "நீங்களாவது வெவரமா சொல்லுங்க டீச்சர். இவ சின்னதுலேருந்தே இப்படித்தான்."

"அவங்க சொல்றது நெசந்தான் பாய்," என்றாள் நீலாயதாட்சி.

"சரிதான். ஒண்ணுக்கு ரெண்டாப் போச்சு." திருப்புளியை எடுத்து அவரே கழற்றிக் கொடுத்தார். காந்தங்களை ஒன்றாக அடுக்கித் துணியில் சுற்றி நபீசா கையில் வைத்ததும், பக்கத்து மேசையிலிருந்த ஆணி டப்பா அப்படியே அவள் பின்னால் ஓடி வந்தது. கடைத்தெரு முழுக்க இருவரும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.

கோவிந்தராசு நல்ல தராசின் பக்கம் காந்தத்தைக் கொண்டுவரவே கூடாது என்று சொல்லிவிட்டார். கழித்துப் போட்ட ஒரு பழைய தராசைக் காட்டி, "அதை நீங்க எடுத்ததை நான் பார்க்கல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தர்மராஜ் படகு வேலைக்கு வைத்திருந்த துரப்பணத்தோடு வந்து தராசின் அடிப்பலகையில் ஓட்டை போட்டான். வலைக்குப் போடும் தங்கூசி நூலைத் தட்டுக்கொக்கியில் கட்டி, ஓட்டை வழியே கீழே இறக்கி, அதன் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தொங்கவிட்டான். குழாயின் அடிமுனை மட்டும் காந்தத்தின் இரண்டு கால்களுக்கும் நடுவே நிற்க வேண்டும். குழாய்க்குள்ளே வெளிறிய ரோஜா நிறத்தில் மாங்கனீசு சல்பேட் பொடி.

மாங்கனீசைத் தேர்ந்தெடுத்தவள் நீலாயதாட்சி. அந்த உப்பில் மாங்கனீசுக்கு ஐந்து கட்டம், ஐந்து எலக்ட்ரான். ஐந்தும் ஒரே பக்கம் தலை வைத்துத் தனியாக நின்றால், கணக்குப்படி முப்பத்தைந்து பங்கு இழுப்பு. நாலு எலக்ட்ரான் இரண்டு ஜோடியாகி ஒன்று மட்டும் மிஞ்சினால் வெறும் மூன்று பங்கு. நடுவில் குழப்பத்துக்கே இடமில்லை.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மதியத்துக்கு மேல் கடல் காற்று எழுந்து குழாயை ஊஞ்சலாட்டியது. ஜன்னலை அடைத்தார்கள், வியர்வை சொட்டியது. காற்று நின்றதும் குழாய் பக்கவாட்டில் சாய்ந்து காந்தத்தின் ஒரு காலோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் நிறுத்தினால் இந்தப் பக்கம் ஒட்டும். மறுபடி நிறுத்தினால் அந்தப் பக்கம்.

"ஒட்டுதுன்னா இழுக்குதுன்னுதானே அர்த்தம்!" என்றாள் நபீசா.

"எவ்வளவுன்னு தெரிய வேணாமாங்க? ஒண்ணா, அஞ்சா?"

காந்தத்தின் கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து, நூலை நீளமாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய மூன்று சனிக்கிழமைகள் ஆயின. முதலில் துத்தநாக சல்பேட்டைத் தொங்கவிட்டார்கள். அதில் எல்லா எலக்ட்ரானும் ஜோடி. காந்தத்தை நகர்த்தி வைத்தபோது தராசு முள் அசையவே இல்லை. அடுத்து மாங்கனீசு. நபீசா காந்தத்தை மெல்லத் தள்ளினாள். நீலாயதாட்சி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முள் நகர்ந்தது. ஒரு பெருமூச்சு போல, அவசரமில்லாமல், ஆனால் நிச்சயமாக நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று குழாயைக் கீழே இழுத்தது.

நாலு வருஷமாகக் கரும்பலகையில் சாக்பீஸால் போட்ட அம்புகள், இதோ, தராசைப் பிடித்து இழுக்கின்றன.

இழுப்பு எவ்வளவென்று ஏற்கெனவே தெரிந்த இன்னோர் உப்பைத் தொங்கவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள். நபீசா ஒரு தாளில், இவள் ஒரு தாளில். முடித்துவிட்டு ஒரே நேரத்தில் தாளைத் திருப்பிக் காட்டினார்கள். முப்பத்து நாலை ஒட்டி வந்திருந்தது.

"அஞ்சு!" என்று கத்தினாள் நீலாயதாட்சி.

"அஞ்சும் ஒரே பக்கம் நீலா! அஞ்சும்!" நபீசா அவள் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். அன்றைக்குத்தான் 'டீச்சர்' போய் 'நீலா' ஆனது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கோவிந்தராசு கணக்கைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிப்ரவரியில் கல்லூரியில் நடக்கும் அறிவியல் கண்காட்சியில் இதை வைத்தே ஆக வேண்டும் என்றார். "ஆனா அதுக்கு முன்னாடி சிதம்பரம் பல்கலைக்கழகத்துல ஒருதரம் சரிபார்த்துட்டு வந்திடுங்க. அங்க பெரிய மின்காந்தம் இருக்கு. நாளைக்கு எவனும் நம்மள ஒண்ணும் கேட்கக் கூடாது."

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் இருவரும் சிதம்பரம் பஸ் ஏறினார்கள். நீலாயதாட்சியின் துணிப்பையில் மாங்கனீசு பாட்டில். நண்டலாறு தாண்டும்போது சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. காரைக்காலிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு பாட்டிலாவது சிக்காமல் போகாது. போலீஸ்காரர் துணிப்பையை அழுத்திப் பார்த்தார். கண்ணாடி தட்டுப்பட்டது.

"என்னம்மா இது?"

"மாங்கனீசு சல்பேட்டுங்க."

"எந்தக் கம்பெனி?"

பஸ் சிரித்தது. பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தவர் நம்பாமல், "இதைத் தண்ணியில கலந்து குடிக்கிறதா?" என்றார்.

"வயலுக்குத் தெளிக்கிறதுங்க. நெல்லுக்கு நல்லது," என்றாள் நபீசா, முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு.

"ரெண்டு பேரையும் பார்த்தா வயக்காட்டு ஆளு மாதிரி தெரியலையே," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் இறங்கினார்.

சிதம்பரத்தில் மின்காந்தத்தை இயக்கியவர் இளையபெருமாள் என்ற ஆராய்ச்சி மாணவர். இவர்களைவிட இளையவர். எண்ணெய் வைக்காத தலை, கசங்கிய சட்டை. ஒரு மணி நேரத்தில் அளந்து சொல்லிவிட்டார். ஐந்துதான். காரைக்கால் கணக்கு கொஞ்சம் குறைவு. அவருடையது முப்பத்தைந்துக்கு இன்னும் கிட்டே.

"மேக்னெட்டோவுல இவ்வளவு வந்துச்சா? பரவால்லீங்களே!" என்று அவர் மெச்சியதும் நீலாயதாட்சிக்கு உற்சாகம் பொங்கியது.

"கண்காட்சியில காரணத்தையும் சேர்த்து எழுதி வைக்கப் போறோங்க. ஒரே பக்கம் சுழலுறதால ஒண்ண ஒண்ணு தவிர்க்குது, தள்ளல் குறையுது..."

"அப்படி எழுதிடாதீங்க," என்றார் இளையபெருமாள், பொடியைத் திரும்பப் பாட்டிலில் கொட்டிக்கொண்டே.

"ஏங்க?"

"புத்தகத்துல எல்லாம் அப்படித்தான் இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒவ்வொரு அணுவா கணக்குப் போட்டுப் பார்த்துட்டாங்க. கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன். ஒரே பக்கம் தலை வெச்ச ஏற்பாட்டுலதான் மொத்த ஆற்றல் கம்மி. அது சரி. ஆனா எலக்ட்ரானுக்குள்ள தள்ளல் கம்மி இல்லீங்க. ஜாஸ்தி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தள்ளல் ஜாஸ்தின்னா ஆற்றல் எப்படிங்க கொறையும்?" என்றாள் நீலாயதாட்சி.

"சொல்ல ஆரம்பிச்சா உங்க காரைக்கால் பஸ் போயிடும்," என்று சொல்லிவிட்டு அவர் மெஸ்ஸுக்கு ஓடினார். மணி அடித்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் அறுப்புக்கு நிற்கும் நெல். பழைய நீலாயதாட்சியாக இருந்தால், புத்தகமே தப்பென்றால் நான் என்ன செய்வேன் என்று கலங்கியிருப்பாள். இப்போது உள்ளுக்குள் என்னவோ குறுகுறுவென்றது. கலக்கமில்லை. பசி மாதிரி ஒன்று.

சீர்காழி தாண்டியதும் நபீசா தொடையில் தட்டினாள். "ஒண்ணு நிச்சயம் நீலா. அணுவுக்கு மொத்த ஆற்றல் கொறையுதுன்னா எலக்ட்ரானோட ஓட்டம் கூடியிருக்கணும். அது எங்க பாடத்துல அசைக்க முடியாத கணக்கு. ஓட்டம் கூடணும்னா அணுக்கருவுக்குக் கிட்டத்துல வந்து சுத்தணும். எல்லாமே கிட்ட வந்துட்டா அதுகளுக்குள்ள நெருக்கடிதானே? தள்ளல் எப்படிக் கொறையும்? கூடத்தான் செய்யும்! அந்த ஆளு சொன்னது சரி."

"சரி, ஏன் கிட்ட வருது? முன்னைக்கு இப்ப கருவுக்கு என்ன புதுசா பலம் வந்திடுச்சு?"

"அதான் தெரியல."

நீலாயதாட்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். மனப்பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டாள். ஆனால் வேறொன்று இருந்தது. வருஷா வருஷம் அவளே நடத்துகிற பாடம். ஓர் எலக்ட்ரானுக்கும் கருவுக்கும் குறுக்கே இன்னோர் எலக்ட்ரான் வந்து நின்றால், அது கருவை மறைக்கும். மறைத்தால் இழுப்பு குறையும். மறைக்காவிட்டால்?

எதிர்எதிராகச் சுழல்பவை ஒன்றன் இடத்துக்குள் மற்றது தாராளமாகப் புகுந்து வரும். புகுந்து வந்தால் குறுக்கே நிற்கும். ஒரே பக்கம் சுழல்பவை அப்படி வர முடியாது. ஒன்றைச் சுற்றி மற்றது நுழைய முடியாத அந்தக் காலியிடம்...

"இரு, இரு, இரு!" என்று அவள் கிளிஞ்சல்மேட்டுக் குரலில் கத்தினாள்.

பின்படியில் நின்ற கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார். பஸ் குலுங்கி நின்றது. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாள் பதறி எழுந்து, "திருக்கடையூர் வந்திடுச்சா?" என்றார்.

"யாரு எறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

"யாரும் எறங்கலீங்க. போகலாம் போகலாம்," என்றாள் நபீசா. பிறகு இவள் பக்கம் திரும்பி, "சொல்லித் தொலை!"

"மறைக்கல நபீசா! ஒண்ணுக்கொண்ணு குறுக்க வர முடியாது, அதனால ஒண்ண ஒண்ணு மறைக்கல. ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் கரு பளிச்சுன்னு தெரியுது. கருவோட முழு இழுப்பும் ஒவ்வொண்ணு மேலயும் விழுது. அதனால எல்லாத்தையும் உள்ள இழுத்துக்குது. அணுவே சுருங்குது. சுருங்கினதால ஒண்ணையொண்ணு தள்ளுறது கூடுது, கூடட்டும்! இழுப்புல கெடைச்ச லாபம் அதைவிடப் பெருசு!"

நபீசா கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். உதடு அசைய ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"நீலா, இதை எந்தப் புத்தகத்துல படிச்ச?"

"எதுலயும் படிக்கல."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. கண்ணில் நீர் முட்டியது. அதே நேரம் சிரிப்பும் வந்தது. நபீசாவும் சிரிக்கத் தொடங்கினாள். தரங்கம்பாடி வரைக்கும் அடக்க முடியவில்லை. ஒருத்தி நிறுத்தினால் மற்றவள் "இரு, இரு, இரு" என்பாள், மறுபடி ஆரம்பிக்கும். கண்டக்டர் அவர்கள் சீட்டுப் பக்கமே வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் இளையபெருமாளுக்கு நபீசா ஓர் அஞ்சலட்டையில் எல்லாவற்றையும் எழுதிக் கேட்டாள். நாலாம் நாள் பதில் அட்டை வந்தது. அதில் ஒரே வரி: 'அதேதான். பஸ்ஸிலேயே கண்டுபிடித்தீர்களா?'

பிப்ரவரிக் கண்காட்சிக்கு ஊரே வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், தருமபுரத்துக் குடும்பங்கள், திருநள்ளாறு பக்கத்து விவசாயிகள். அல்லா பிச்சை காசு வாங்காமல் மைக் செட் கட்டிக் கொடுத்ததோடு, "நம்ம காந்தம் இந்தப் பக்கம்" என்று தானே அறிவித்துக்கொண்டும் இருந்தார். மாங்கனீசு மேஜையைச் சுற்றி நிற்க இடமில்லை. முள் நகரும்போதெல்லாம் கூட்டம் "ஓ" என்றது. பிறகு எல்லாருக்கும் கை துறுதுறுத்தது. மஞ்சள்தூளை நிறுக்கச் சொன்னார்கள், சர்க்கரையை, திருநீற்றை. ஒருவர் மூக்குப்பொடி டப்பாவை நீட்டினார். ஒன்றும் அசையவில்லை. நீலாயதாட்சி எல்லாவற்றையும் பொறுமையாகத் தொங்கவிட்டுக் காட்டினாள்.

அஞ்சுகம் வேலையை முடித்துக்கொண்டு நாலைந்து பெண்களோடு வந்தாள். கூடைகளை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்கள். மகள் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"கிட்ட வந்தா இடிச்சுக்காதாடி?"

"இடிச்சுக்கும்மா. முன்னைவிட அதிகமாவே இடிச்சுக்கும். ஆனா நடுவுல இருக்குறது இழுக்குற இழுப்பு அதைவிட அதிகம். அதனால அதுகளுக்கு அப்படி இருக்குறதுதான் தோது."

அஞ்சுகம் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இத்தினியூண்டு பொடிக்குள்ள இவ்வளவு கூத்து நடக்குதா!" என்று பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க, இன்னொரு தடவ இழுக்கச் சொல்லு."

இன்னொரு தடவை இழுத்தது. அவளுக்காக நாலு தடவை இழுத்தது.

மாலையில் கூட்டம் குறைந்த பிறகு சொல்தா சின்னப்பிள்ளை வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர். ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். பையிலிருந்து ஒரு பழைய பிராங்க் நாணயத்தை எடுத்தார். "நிக்கல்னு சொல்லுவாங்க. இதைப் பாருங்களேன்."

நீட்டிய கையிலிருந்து நாணயம் தாவிப் போய் டக்கென்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். சின்னப்பிள்ளை கை தட்டவில்லை. மேஜையில் பச்சை நிறத்தில் இருந்த நிக்கல் சல்பேட் குழாயைக் காட்டினார்.

"இதுவும் நிக்கல்தானே எழுதியிருக்கீங்க. இது ஏதோ லேசா அசையுது. என் நிக்கல் மட்டும் ஏன் ஓடிப் போய்க் கட்டிக்கிது?"

"உங்க நாணயத்துல அணுவுக்குள்ள மட்டும் இல்லீங்க, பக்கத்துப் பக்கத்து அணுவும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பிக்கிது," என்றாள் நபீசா.

"ஏன் திரும்பிக்கிது?"

நபீசா நாணயத்தைக் காந்தத்திலிருந்து பிடுங்கிப் புரட்டினாள். நீலாயதாட்சியைப் பார்த்தாள்.

"தெரியலீங்க," என்றாள் நீலாயதாட்சி. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, பரிசு வாங்கியவள் மாதிரி சொன்னாள். "எங்க ரெண்டு பேருக்குமே தெரியல. நாணயத்தை ஒரு வாரம் எங்ககிட்ட விட்டு வைக்க முடியுங்களா?"

"திருப்பிக் கொடுத்திடணும்," என்றார் அவர்.

விளக்கேற்றும் நேரத்தில் அஞ்சுகம் இருவரையும் கிளிஞ்சல்மேட்டுக்குச் சாப்பிட இழுத்துக்கொண்டு போனாள். தர்மராஜ் கொண்டுவந்த வஞ்சிரம் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மணலில் நடந்துகொண்டே நபீசா, "பக்கத்து அணுவுக்கும் அதே மறைப்புக் கணக்குதான்னு வெச்சுக்க..." என்று ஆரம்பித்தாள்.

"அதெப்படி? துத்தநாகத்துக்குப் பக்கத்துல அணு இல்லையா? செம்புக்கு இல்லையா?" என்றாள் நீலாயதாட்சி.

"அது வேற."

"எப்படி வேற? சொல்லு, எப்படி வேற?"

அஞ்சுகம் முன்னால் நடந்தவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து ஈர மணலில் விரலால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குழம்பு ஆறிடும்," என்று கத்தினாள் அவள். ஒருத்தியும் நிமிரவில்லை.